கிடங்கில் எரிந்த பச்சைப் புள்ளி

எங்கள் கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஐயா. உட்கார்ந்தபடியே அடிக்கடி கையைத் தூக்கி ஆட்டுவார்கள். புதிதாக வருபவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். கூரையில் மாட்டிய சென்சாருக்கு ஏழு நிமிடம் ஆள் அசைவது தெரியாவிட்டால் அந்த அறையில் விளக்கும் ஃபேனும் தானாக நின்றுவிடும். மின்சாரச் சிக்கன விதி அப்படி. பராமரிப்புப் பொறியாளன் என்ற முறையில் அந்த ஏழு நிமிடத்தை வைத்தவன் நான்.

அக்காவின் கணவருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜெனரேட்டருக்கு அடுத்த அறையில், பழைய கோப்புகளைப் பிரித்து அடுக்கும் வேலை. மாமா வாயில்லாப் பூச்சி. ஜன்னல் இல்லையே என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் காகிதத்தில் அந்த அறை கிடங்கு. ஆள் உட்கார்ந்தால் அது அலுவலகம். அலுவலகம் என்றால் நாள் முழுக்க வெளிக்காற்றை இழுத்துக் குளிர்விக்க வேண்டும், அந்த மின்சாரமும் சேர்ந்தால் கட்டடம் விதிக்குள் நிற்காது. மின்சாரச் சிக்கனச் சோதனையில் இரண்டு முறை தோற்றிருந்தோம். மூன்றாவதிலும் தோற்றால் கட்டடத்துக்குப் பூட்டு, அதற்கு முன்பே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நானும் இருதலைக் கொள்ளி எறும்புதான், ஐயா. அதை யாரும் கேட்பதில்லை.

சோதனை நாளில் அவருக்கு லீவு கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். சோதிக்க வரும் அதிகாரி பழைய கோப்பு எதையாவது கேட்பார், எது எங்கே இருக்கிறது என்று மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் நான் இறங்கிப் போய் வாங்கி வருவதாக ஏற்பாடு.

"மாமா, ஒரு மணி நேரம் ஆடாம அசையாம உக்காருங்க. நான் வந்து திறக்கிறேன்."

"எந்திரிக்கச் சொன்னாத்தான் மாப்ளே எனக்குக் கஷ்டம். உக்காரச் சொன்னா கேக்கணுமா?"

வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதிகாரி திறந்து பார்த்துவிடக் கூடாதல்லவா.

வந்த அதிகாரி ஜெனரேட்டரையும் ஓட்டிக் காட்டச் சொன்னார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் ஒயர் போகும் ஓட்டை ஒன்று உண்டு, அதன் வழியாகப் புகை வரும். அடைக்க வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தவன் நானேதான். கிடங்கில் இருப்பது காற்றை வெளியே தள்ளும் ஃபேன், அது ஓடினால் புகை வெளியே போய்விடும்.

கால் மணி நேரத்தில் என் கணினித் திரையில் கிடங்குக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்தது. உள்ளே ஆள் அசைகிறது, விளக்கும் ஃபேனும் ஓடத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். பக்கத்தில் இருந்த அதிகாரி குனிந்து பார்த்தார்.

"கிடங்குல யாரு?"

"எலி சார்."

அவர் சிரித்தார். நான் 'காலி' என்ற பொத்தானைத் தட்டி அணைத்தேன், புள்ளியோடு கீழே விளக்கும் ஃபேனும் நின்றுவிடும். இரண்டாவது முறை எரிந்தபோது அவர் பார்ப்பதற்கு முன்பே அணைத்துவிட்டேன். மூன்றாவது முறை புள்ளி விட்டு விட்டு நெடுநேரம் எரிந்தது. சென்சாருக்குப் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் ஆட்டினால்தான் அப்படி எரியும், மாட்டியவனுக்குத் தெரியாதா. அதையும் அணைத்தேன். அப்புறம் எரியவில்லை. மாமா நிலைமையைப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

அதிகாரி கையெழுத்துப் போட்டார், கை குலுக்கினார், தேநீர் குடித்தார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். பாதியில் எழுந்து போவது மரியாதையில்லை. பிறகுதான் கீழே இறங்கிக் கதவைத் திறந்தேன். சென்சாருக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறார். அதன் காலடியில் கிடந்தார்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசியில உன்னைக் கூப்பிட்டாராடா?"

இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கூடப் பிறந்தவளிடம் நான் பொய் சொல்லவில்லை. அவர் கூப்பிடவில்லை, கையைத்தான் ஆட்டினார்.