துணைக்கு ஓர் இருக்கை

சிறு வயதிலிருந்தே நான் நன்றாகத் தூங்குகிறவன். போர்ட் பிளேர் டாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு மரப்பட்டறை இருந்தது. காலை ஏழு மணிக்கே ரம்பம் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்திலும் தூங்குவேன். பள்ளிக்கூட நாட்களில் அம்மா காலைப் பிடித்து இழுப்பாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள், கடைசியில் முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். "இவன் டாக்டரானா நோயாளிங்க பாடு திண்டாட்டம்தான்" என்பார் அப்பா. தூக்கம் எனக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்தத் தீவுக்குப் போகும் வரை.

தீவின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் பதினாறு மணி நேரம். ஹெலிகாப்டரில் ஒன்றேகால் மணி நேரம். பத்துப் படுக்கைகள் கொண்ட சுகாதார நிலையம். மூன்று மருத்துவர்கள் இருக்க வேண்டும். நான் போய் இறங்கியபோது ஒருவர் இருந்தார். நான் இறங்கிய கப்பலிலேயே அவர் ஏறிப் போனார். படகுத்துறையில் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஜெனரேட்டர் சாவி மேஜை டிராயரில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அவர் கண்களை அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பதினான்கு மாதங்கள் நான் ஒருவனே இருந்தேன். பிரசவம், பாம்புக்கடி, குடித்துவிட்டு வெட்டிக்கொண்டவர்கள், காய்ச்சல், பிரேதப் பரிசோதனை எல்லாம் நான்தான். குடியிருப்புக் கதவை எந்த நேரத்திலும் தட்டுவார்கள். தட்டாத இரவுகளில் தட்டப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டு படுத்திருப்பேன். எட்டாவது மாதத்தில் தட்டாமலேயே சத்தம் கேட்க ஆரம்பித்தது. எழுந்து கதவைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

விடுப்புக் கேட்டு ஏழு கடிதம் எழுதினேன். மாற்றுமருத்துவர் வராமல் மருத்துவ அதிகாரி தீவை விட்டு நகரக் கூடாது. போர்ட் பிளேர் சுகாதார அலுவலகத்தில் திருநாவுக்கரசு என்று ஒருவர். அவர்தான் தொலைபேசியை எடுப்பார். நல்ல மனிதர். "ஃபைல் மேல போயிருக்கு சார். ரிலீவர் கிடைச்சா மொத ஆளு நீங்கதான்" என்பார். முதல் கடிதத்திலிருந்து பத்து மாதமும் அதையே சொன்னார். குரலில் ஒருமுறைகூடச் சலிப்பு இல்லை.

ஒருநாள் அவரிடம் உண்மையைச் சொன்னேன். தூக்கம் இல்லை, யாரும் இல்லாத வார்டில் பேச்சுக் குரல் கேட்கிறது என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அப்போ மெடிக்கல் லீவுல வந்துடுங்களேன் சார். மனநல டாக்டர் சர்டிஃபிகேட் ஒண்ணு போதும்" என்றார். மனநல மருத்துவர் போர்ட் பிளேரில் இருக்கிறார். அவரைப் பார்க்க விடுப்பு வேண்டும். அதையும் சொன்னேன். அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். வெளித்தீவு ஊழியர்களுக்கு ஒரு படிவம் உண்டு. உள்ளூர் மருத்துவ அதிகாரி பரிசோதித்துக் கையெழுத்திட்டால் அதை வைத்து அழைத்துக்கொள்வார்கள். படிவம் அடுத்த கப்பலில் வந்தது. உள்ளூர் மருத்துவ அதிகாரி நான்தான். தன்னைத் தானே பரிசோதித்த சான்று செல்லாது என்று படிவத்தின் அடியிலேயே அச்சிட்டிருந்தது. அதை மடித்து, ஜெனரேட்டர் சாவிக்குக் கீழே வைத்தேன்.

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் இருந்த என் மனைவி உமா மகேஸ்வரியிடம் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். வேலையை விட்டாலும் பொறுப்பை ஒப்படைக்க ஒருவர் வர வேண்டும். வருகிறவர் இருந்தால் நான் ஏன் வேலையை விடப்போகிறேன்? போனை வாங்கிப் பேசிய என் மகள், "அப்பா, எந்தக் கப்பல்ல வரீங்க?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. கப்பல்களின் பெயர் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

தீவை விட்டு வர எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் ஒரு நோயாளி இருந்தால் ஹெலிகாப்டர் வரும். படுக்கையை விரித்தபின் அதில் ஒரே ஓர் இருக்கைதான் மிஞ்சும். துணைக்கு ஒரு மருத்துவப் பணியாளர் போகலாம். நிலைமை மோசமென்றால் மருத்துவரே போகலாம். அதற்கு விடுப்பு தேவையில்லை. கப்பலில் அனுப்பினால் நர்ஸ் போனால் போதும். இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. சுற்றறிக்கையிலேயே இருக்கிறது.

பதினோராவது மாதத்திலிருந்து வருகிற நோயாளிகளை நான் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். இவர் ஹெலிகாப்டருக்குத் தேறுவாரா என்று மனத்துக்குள் ஒரு கேள்வி ஓடும். வெறும் கேள்விதான். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நான் அந்தக் கேள்விக்குள் சேர்க்கவில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அல்போன்ஸ் அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாகத் தீவில் டோங்கிப் படகு ஓட்டி மீன் பிடிக்கிறவர். ஐம்பத்தாறு வயது, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. சர்க்கரை உண்டு, மாத்திரையை நினைத்தால் போடுவார். வாரத்தில் இரண்டு நாள் என் வாசலில் மீன் வைத்துவிட்டுப் போவார். கதவைத் தட்டமாட்டார். அந்தத் தீவில் என் கதவைத் தட்டாத ஒரே மனிதர் அவர்தான். சின்னத் தலைவலிக்கு யாராவது என் வீட்டுப் பக்கம் வந்தால், "தம்பி தூங்கட்டும், எழுப்பாதீய. காலைல பாத்துக்கலாம்" என்று வழியிலேயே திருப்பி அனுப்புவாராம். நர்ஸ் பிரிஸ்கில்லாதான் இதை என்னிடம் சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் நொண்டிக்கொண்டு வந்தார். மீன் முள் குத்தி இரண்டு நாளாகியிருந்தது. பாதம் வீங்கி, கணுக்கால் வரை சிவந்திருந்தது. சர்க்கரை முந்நூற்றுக்கு மேல். காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. அவருடைய மனைவி செல்வம்மாள் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தார்.

"முந்தாநாளே போங்கன்னு சொன்னேன், கேட்டாத்தான? மஞ்சள வச்சா பராபர் ஆயிருமாம்."

"டாக்டர் தம்பிய அனாவசியமா எழுப்பணுமாட்டி?" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒங்களுக்கு சுட்டியே குடுக்க மாட்டாங்களா தம்பி? கண்ணு உள்ள போயிட்டே" என்றார். விடுப்பை அங்கே எல்லோரும் சுட்டி என்றுதான் சொல்வார்கள்.

காயத்தைக் கழுவிக் கட்டினேன். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டேன். அதை நான் ஒருநாளும் நிறுத்தவில்லை. பிரிஸ்கில்லா அலமாரியைத் திறந்து, "ஆன்டிபயாடிக் ஸ்டார்ட் பண்ணிடலாமா சார்?" என்று கேட்டாள். அலமாரியில் அந்த மருந்து பதினெட்டுக் குப்பிகள் இருந்தன. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். அவள் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டு அலமாரியைப் பூட்டினாள். அந்த நேரத்தை அவள் தன் நோட்டில் குறித்து வைத்திருப்பது எனக்கு அப்போது தெரியாது. நோட்டு உங்கள் மேஜையில் இருக்கிறது. அவள் எழுதியது எல்லாம் சரிதான்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நூற்றிரண்டு. சிவப்பு முழங்காலைத் தொட்டது. ஹெலிகாப்டர் கேட்டுப் போர்ட் பிளேருக்குப் பேசினேன். எதிர்முனையில் இருந்த பெண் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டார். நூற்றுப் பத்து. "ஸ்டேபிளாத்தானே இருக்கார் சார். அடுத்த திங்கள் கப்பல்ல அனுப்பிடுங்க" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. நூற்றுப் பத்துக்கு ஹெலிகாப்டர் வராது.

அன்றும் பிரிஸ்கில்லா கேட்டாள். அன்றும் நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். வெறும் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. குழாயைப் பார்த்த செல்வம்மாள் மருந்து ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை முழுவதும் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணிக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்றிரண்டு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றாறு. பிறகு ஏனோ நூறு. என்னைப் போல ஒரு டாக்டரைப் பார்த்ததில்லை என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார். செல்வம்மாள் எனக்குக் கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தார்.

"ஹெலிகாப்டர்ல ஏத்தப் போறியளாம்லா" என்றார் அல்போன்ஸ் அண்ணன். உதடு காய்ந்திருந்தது. "எம்.பி. போற வண்டி. நம்ம ஆயுசுக்கு டோங்கிதான்னு நெனச்சிருந்தேன்."

"சும்மா கிடங்க. இந்தக் காச்சல்லயும் வாய் அடங்குதா பாரேன்" என்றார் செல்வம்மாள்.

"தம்பியும் கூட வந்தா நல்லாருக்கும். வீட்டம்மாவப் பாத்துட்டு ரெண்டு நாள் தூங்கிட்டு வரலாம்லா."

"வரேன் அண்ணே" என்றேன்.

மாலை நான்கு மணிக்கு எண்பது ஆனது. படிவத்தை முன்பே பூர்த்தி செய்து வைத்திருந்தேன். எண்ணை மட்டும் எழுத வேண்டியிருந்தது. துணைக்குச் செல்பவர் என்ற இடத்தில் என் பெயர், டாக்டர் நந்தகுமார். இருபது நிமிடத்தில் அனுமதி வந்தது. மறுநாள் காலை ஹெலிகாப்டர். அனுமதி வந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து நானே ஊசி போட்டேன். பிரிஸ்கில்லா குப்பியை உடைத்துக் கொடுத்தாள்.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். திங்கள் காலை முதல் புதன் மாலை வரை, கையில் இருந்த மருந்தை, தெரிந்தே, அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன். எண் இறங்க வேண்டும் என்பதற்காக. அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய உடம்பு. வேறொருவர் என்றால் மூன்று நாள் தாங்கமாட்டார். அவர் தாங்குவார் என்று ஒரு மருத்துவனாக நான் கணித்தேன். ஒரு நாள் பிசகாமல் இருந்திருந்தால் அந்தக் கணிப்பு சரியாகவே இருந்திருக்கும்.

வியாழக்கிழமை மேகம். புறப்பட்ட ஹெலிகாப்டர் பாதி வழியில் திரும்பிவிட்டது. அந்த நாளில் நான் செய்யாதது எதுவும் இல்லை. இரண்டாவது மருந்து, மூன்றாவது மருந்து, ஆக்ஸிஜன். அந்த ஒரு நாள் நான் பழைய மருத்துவனாக இருந்தேன். ஆனால் உடம்பு நான் வைத்த இடத்தில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வானம் தெளிந்தது. ஒன்பதரைக்கு மைதானத்தில் இறங்கினார்கள். பிரிஸ்கில்லா தன் பையோடு வந்து நின்றாள். "நான் போறேன் சார். நீங்க மூணு நாளா உட்கார்ந்தே இருக்கீங்க. வழியில அவரை முழிச்சுப் பார்த்துக்கணும்" என்றாள். வார்டில் வேறு நான்கு நோயாளிகள் இருப்பதையும் நினைவுபடுத்தினாள். படிவத்தில் என் பெயர் இருக்கிறது என்றேன். செல்வம்மாளுக்கு இடம் இல்லை. அவர் திங்கட்கிழமைக் கப்பலில் வர வேண்டும். அவர் அதற்கு அழவில்லை. "டாக்டரே கூடப் போறாருல்லா, எனக்கென்ன பயம்" என்று பிரிஸ்கில்லாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் போர்ட் பிளேருக்கு வந்த ஒரே வாரத்தில் அந்தத் தீவுக்கு இரண்டு மருத்துவர்கள் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். கடிதத்தில் கேட்டபோது இல்லாதவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. திருநாவுக்கரசு வீட்டுக்கு வந்து பார்த்தார். ஃபைல் நகர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, உமா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். எனக்கு இப்போது பணியிடை நீக்கம். தினமும் ஒன்பது மணி நேரம் தூங்குகிறேன். சத்தங்கள் கேட்பதில்லை.

இந்த விசாரணையில் நீங்கள் கடைசியாகக் கேட்டது அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் பற்றி.

ஹெலிகாப்டருக்குள் பேசினால் கேட்காது. ரம்பத்தைவிடப் பெரிய சத்தம். காதை மூட ஒன்று கொடுத்தார்கள். விமானிகள் முன்னால் இருந்தார்கள். திரும்பிப் பார்க்க அவர்களுக்கு வசதி இல்லை. கரை மறைந்தபோது அல்போன்ஸ் அண்ணன் கண் திறந்து என்னைப் பார்த்தார். கஷ்டப்பட்டு ஒரு கையைத் தூக்கிக் கன்னத்துக்குக் கீழே வைத்துக் காட்டினார். தூங்கு என்று. அவருடைய ஆக்ஸிஜனைப் பார்த்தேன், நாடியைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் கண்ணை மூடலாம் என்று நினைத்தேன். கீழே கடல் மட்டும்தான் இருந்தது. யாரும் தட்ட முடியாத இடம்.

சக்கரம் தரையைத் தொட்டபோது விழித்தேன். ஆக்ஸிஜன் மூடி அவர் முகத்திலிருந்து நழுவிக் கழுத்தில் கிடந்தது. உயிர் பிரிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்று இங்கே மருத்துவமனையில் சொன்னார்கள். அவருடைய வலது கை என் சட்டையின் நுனியை இறுகப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. சட்டையில் இரண்டு பொத்தான்கள் அறுந்திருந்தன. ஏறும்போதே அறுந்திருக்க வேண்டும்.

அவர் இழுத்திருந்தால் நான் எழுந்திருப்பேன். அவர் இழுக்கவில்லை. என்னை எழுப்ப அவருக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.