ஒரே களிம்பு

அந்தக் களிம்பு நல்ல களிம்புதான். என் மகன் ஆனந்தகுமாருக்கு ஒரு டியூப் தீர்வதற்குள் மருவெல்லாம் உதிர்ந்துவிட்டது.

சொல்லக் கூசும் இடத்து மரு. சங்ககிரியில் லாரி வைத்து ஓட்டுகிறவன் நாலு ஊரில் தங்கித்தான் வருவான், எங்கேயோ ஒட்டிக்கொண்டது. அவனிடமிருந்து மருமகள் அகல்யாவுக்கு. ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் டாக்டரம்மா ஆளுக்கொரு டியூப் எழுதிக்கொடுத்தார். தடவினால் எரியும், சிவக்கும், பயப்பட வேண்டாம் என்றார்.

அகல்யா இதை அவள் அப்பாவிடம் சொல்லப்போவதாக இருந்தாள். என் மகள் ஷாலினிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பழி யார் தலையிலாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? அகல்யாவுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. என் மகனுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு ஏது?

அவளுடைய டியூபின் அடிமடிப்பைப் பிரித்து, மருந்தைப் பிதுக்கி எடுத்தேன். முகத்துக்குப் பூசும் கிரீமை அடைத்து, பழையபடி மடித்து அழுத்தினேன். பார்த்தால் தெரியாது.

"அவருக்கு எரியுதுங்கறாரு அத்தை. எனக்கு ஜில்லுன்னுதானுங்க இருக்குது."

"பழகுன ஒடம்பு, எரியாது சாமி," என்றேன்.



ஓமலூரிலிருந்து அவள் அப்பா மணியனை நானே வரவழைத்தேன். காபி கொடுத்துவிட்டுத்தான் பேசினேன்.

"ரெண்டு பேத்துக்கும் ஒரே மருந்துதானுங்க. எம்பையனுக்குக் கேட்டுப்போச்சு. உங்க புள்ளைக்குக் கேக்கவே இல்லீங்க. பழைய சீக்குன்னாத்தானுங்க மருந்து கேக்காது. சீக்கு யாரு கொண்டாந்ததுன்னு நான் வேற சொல்லோணுமாங்க?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் என் மகனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறு வண்டில," என்றார் மணியன். பெற்ற மகளின் பேரைக்கூடச் சொல்லவில்லை.

ஓமலூரில் யாரோ ஒரு டாக்டர் அதே களிம்பைக் கொடுத்து அவளுக்கும் உதிர்ந்துவிட்டதாம். சந்தோஷம்தான். அதற்குள் விவாகரத்து முடிந்திருந்தது. அப்பனும் மகளும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறார்கள். அது அவர்கள் வீட்டுப் பாடு.

ஷாலினி நல்ல இடத்தில் வாழ்கிறாள்.

இன்று நாமக்கல்லில் வேறொரு டாக்டரிடம் வந்திருக்கிறோம். ஆனந்தகுமார் போன மாதம் லோடு இறக்கிவிட்டு வந்தான். அவனுக்கு மறுபடியும் மரு. புது மருமகள் நித்யஸ்ரீக்கும். இரண்டு டியூப் எழுதியிருக்கிறார். சீட்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

என்ன செய்வது. பெண் அமைவதில் என் மகனுக்கு ராசியே இல்லை.