காளியண்ணனார் நினைவுக் கல்லில் ஒரு வரி

நடந்தது எதுவோ அதை மட்டுமே சொல்வேன், எதையும் கூட்டவும் மாட்டேன், எதையும் மறைக்கவும் மாட்டேன் என்று இந்த மேடையில் ஏறும்போதே எனக்குள் உறுதி செய்துகொண்டேன். அந்த உறுதியோடு உங்கள் முன் நிற்கிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கும் அறிவிற் சிறந்த சரவணமுத்து ஐயா அவர்களே! ஆறாத் துயரை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் நடுவே வந்து அமர்ந்திருக்கும், காளியண்ணனாரின் துணைவியார் சௌந்திரம் அம்மா அவர்களே! இந்தப் பள்ளியின் முன்னாள் மாணவரும் இன்றைய செயலாளருமான வேலுமணி அண்ணன் அவர்களே! பட்டறையில் சுத்தியலை வைத்துவிட்டுக் கரிபடிந்த கையோடு வந்திருக்கும் மாணவ அண்ணன்மார்களே! ஜேடர்பாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு அஸ்தம்பட்டி வரை வந்திருக்கும் பெரியோர்களே! பாயில் நெருங்கி உட்கார்ந்து, பிள்ளைகளை மடியில் கிடத்தியிருக்கும் தாய்மார்களே! ஐந்தாம் பாரத்தில் படிக்கும் உண்ணாமலையின் பணிவான வணக்கம்.

என்னங்க? சத்தமாகப் பேசவேண்டுமா? பேசுகிறேனுங்க. இன்றைக்கு என் குரல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது. இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

யாரை இழந்திருக்கிறோம் நாம்? ஒரு பள்ளியின் தலைவரையா? ஒரு பொறியியல் அறிஞரையா? ஜேடர்பாளையத்து மேட்டுக்காட்டில் பிறந்து, சென்னைக்குச் சென்று பொறியியல் கற்று, மேட்டூரிலே அணை எழும்பிய காலத்தில் ஒன்பது ஆண்டுகள் வெயிலில் வெந்து வேலை பார்த்தவர் காளியண்ணனார். அணை முடிந்ததும் அவர் எங்கே போனார்? வசதியான வேலை தேடி வடக்கே போனாரா? இல்லை. இதே இடத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் பதினொரு பையன்களை உட்காரவைத்து இந்தப் பொறியியல் பள்ளியைத் தொடங்கினார். நிலக்கடலையை நகத்தால் உரித்து விரல் வீங்கிய எங்கள் தாய்மார்களுக்காக, கையால் சுற்றிக் கடலை உடைக்கும் பொறி செய்தார். உழுகிறவன் தோள் வலியையும் நெய்கிறவன் கால் வலியையும் பாடமாக வைத்தார். இவ்வளவும் உண்மை. இவ்வளவையும் எனக்கு முன்னே பேசியவர்கள் என்னைவிட அழகாகச் சொன்னார்கள்.

அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் நான் நிற்கிறேன்.

சற்று முன் வேலுமணி அண்ணன் நினைவுக் கல்லில் வெட்டப்போகும் வாசகத்தைப் படித்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. அதில் ஒரு வரி வருகிறது: ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், இறைப்பாளி ஒருவனின் உறக்கத்தால் நேர்ந்த விபத்தையும் தாங்கி, தன் உருளையை வெற்றிபெறச் செய்தவர்.’ கிணற்றில் நீர் இறைத்த அந்த இறைப்பாளி யார்? அதோ, பின் தூணில் சாய்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாரே பொன்னன், அவர்தான். அவர் என் அப்பா.

நாளைக் காலை கல்தச்சர் உளி எடுக்கிறார். அந்த வரி கல்லில் ஏறிவிட்டால், என் அப்பா இந்த உலகம் உள்ளவரை தூங்கிக்கொண்டே இருப்பார்.

அன்று எனக்கு ஏழு வயது. காளியண்ணனாரின் பெரியப்பா தோட்டத்தில் என் அப்பா மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். ஆற்றுநீர் ஏறாத காடு அது. இறைத்தால்தான் பயிர். பட்டணத்துப் பிள்ளைகளுக்காக விளக்கிவிடுகிறேன். மாடுகள் சரிவில் இறங்கும். வடம் உருளையின்மேல் ஓடும். கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்து, மாட்டைப் பார்த்தபடி இறங்குவார். கிணறு அவர் முதுகுக்குப் பின்னே. அப்படியானால் சால் மேலே வந்துவிட்டதென்று எதை வைத்து அறிவார்? உருளையின் சத்தத்தை வைத்து! சால் நீரைவிட்டு எழும்போது ஒரு குரல், பாதிக் கிணற்றில் ஒரு குரல், விளிம்புக்கு வந்ததும் ஒரு குரல். அந்தக் கடைசிக் குரலை நன்றாகக் கேட்பதற்காக என் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். அது அவர் வழக்கம். எங்கள் காட்டில் வடத்தில் உட்கார்ந்தவர்கள் பலருக்கும் அதே வழக்கம்.

காளியண்ணனார் மரத்தாலான அந்தப் பழைய உருளையைக் கழற்றினார். உள்ளே இரும்புக் குண்டுகள் ஓடும் பேரிங் வைத்த புது உருளையை மாட்டினார். பூப்போலச் சுழன்றது! இரண்டு ஜோடி மாடு இழுத்ததை ஒரு ஜோடி இழுத்தது. ஊரே கூடி நின்றது. என் அப்பா மட்டும் தலையைச் சொறிந்தார்.

“ஏனுங்க சாமி, இது கத்தவே மாட்டீங்குதுங்களே? சால் மேல வந்துருச்சுன்னு நான் எப்பிடீங்க கண்டுக்கறது?”

காளியண்ணனார் சிரித்தார். “கத்தாம இருக்கறதுக்குத்தான் பொன்னா ஆறு மாசமா மண்டைய ஒடச்சுக்கிட்டேன்! உனக்கு நாயனம் கேக்கோணும்னா தேருக்குப் போ!”

ஊர் சிரித்தது. நீங்களும் இப்போது சிரித்தீர்கள். குற்றமில்லை, அன்றைக்கு நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஐந்தாவது சாலோ ஆறாவது சாலோ. மாடுகள் பாரம் தெரியாமல் விரைந்து இறங்கின. அப்பா கண்ணை மூடிக் காத்திருந்தார். வராத குரலுக்காகக் காத்திருந்தார். சால் உருளைச் சட்டத்தில் போய் மோதியது. வடம் அறுந்தது. பாறையில் விழுந்த அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள்? மூடிய கண்ணைப் பார்த்தார்கள். மூடிய கண்ணென்றால் தூக்கம்தானே? அவ்வளவுதான். தண்ணிக்குப் போனால் பெண்கள் என்னைக் கேட்பார்கள்: “ஏன் சாமி, உங்கப்பன் எந்திரிச்சாச்சா, இல்லீனா இன்னும் தூக்கந்தானா?” என் அம்மா செல்லாயி குடத்தை நிரப்பாமலே திரும்பிய நாட்கள் உண்டு.

பிறகு புது உருளையால் நேர்ந்த விபத்தை விசாரிக்கச் சர்க்காரின் தொழில் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் குடிசை வாசலில், அப்பா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்திலேயே விசாரணை. சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அதிகாரி சொன்னார்: “கண்ணை மூடியிருந்தான் என்று நாலு பேர் சொல்கிறார்கள். தூங்கிவிட்டான் என்று எழுதினால் முடிந்தது. உங்களுக்குச் சென்னையில் பெரிய கல்லூரியின் தலைமைப் பதவி காத்திருக்கிறது, மிஸ்டர் காளியண்ணன். கெடுத்துக்கொள்ளாதீர்கள்.”

பெரியோர்களே, அந்த நேரத்தில் ஒரு தலையசைப்புப் போதும். ஒரே ஒரு தலையசைப்பு! எதிர்த்துப் பேச என் அப்பாவுக்கு வலிமை இருந்ததா? எங்களுக்கு ஆள் இருந்ததா? சொல் இருந்ததா?

காளியண்ணனார் எழுந்து நின்றார். “அவரு தூங்கலீங்க. முந்தின நாளே எங்கிட்டச் சொன்னாருங்க. நாந்தான் சிரிச்சேன். அதையே எழுதிக்குங்க” என்றார். பிறகு கட்டிலருகே குனிந்து, “பொன்னண்ணா, என்னைய மன்னிச்சுருங்க” என்றார். அதற்கு முன் அவர் என் அப்பாவை அண்ணா என்று அழைத்து நான் கேட்டதில்லை.

பதவி போயிற்று. வேறொருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். எழுதிய அறிக்கை எங்கோ ஓர் அலமாரியில் உறங்குகிறது. ஊர்வாய் மட்டும் உறங்கவில்லை.

அவர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? பழைய உருளையை மறுபடி மாட்டி, மூன்று நாள் தாமே வடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இறைத்தார். மூன்றாம் நாள்தான் அந்தக் கடைசிக் குரல் தமக்குப் பிடிபட்டது என்றார். புது உருளையில் ஒரு சிறு இரும்பு நாக்கு வைத்தார். சால் விளிம்புக்கு வந்தால் அது ‘டக்’கென்று தட்டும். இன்று நூறு கிணறுகளில் தட்டுகிறது. ஒரு கருவியை மாற்ற நினைக்கும் மாணவன், அதை வைத்துப் பிழைப்பவரோடு ஒரு மாதம் வேலை செய்த பிறகே வரைபலகையைத் தொடவேண்டும் என்று இந்தப் பள்ளியில் சட்டம் செய்தார். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? வெற்றியிலிருந்தா வந்தது?

“செத்தவரைக் குத்தஞ் சொல்லாத சாமி” என்கிறாரா அங்கே ஒரு பெரியவர்? ஐயா, நான் குற்றம் சொல்லவில்லை. அவரே ஒப்புக்கொண்டதை அவரிடமிருந்து பறிக்காதீர்கள் என்கிறேன். ஒரு பெரிய கல்லூரியை விட்டுக்கொடுத்து அவர் வாங்கிய உண்மையை, இரண்டே விரற்கடைக் கல்லில் நாம் பொய்யாக்கலாமா?

வேலுமணி அண்ணா, உங்களுக்கு இது தெரியும். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அவர் சொன்னதைக் கேட்டவர் நீங்கள். ஆசிரியர் பேரில் மாசு வேண்டாமென்ற அன்பினால் எழுதினீர்கள். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அன்பின் பாரம் முழுவதும் நடக்க முடியாத ஒருவர் தோளில் இறங்குகிறதே, அண்ணா!

தலைவர் அவர்களே, அந்த ஒரு வரியை அடித்துவிட வேண்டுகிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

...தலைவர் ஐயா, சௌந்திரம் அம்மாவைப் பார்க்கிறார். அம்மா எழுந்திருக்கிறார்கள். அமைதி, தாய்மார்களே, அவர்கள் குரல் மெல்லியது. நான் திருப்பிச் சொல்கிறேன்.

“அடிச்சா மட்டும் பத்தாது வேலுமணி. ‘பொன்னன் முன்னமே சொன்னார், நான் மதிக்கவில்லை’ன்னு எழுது. காய்ச்சல்ல கெடந்தப்பக் கூட அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. அவரு வாயால சொன்னதையே கல்லுல போடு.”

தலைவர் ஐயா தலையசைத்துவிட்டார். வேலுமணி அண்ணன் பேனாவைத் திறந்துவிட்டார்.

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். வென்றவளாக நான் இங்கிருந்து இறங்கவில்லை. என்னைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி என் அப்பாவிடம் மன்றாடியவர் காளியண்ணனார். என் முதல் பலகையும் குச்சியும் அவர் கையால் வந்தவை. அவருடைய நினைவுக் கல்லிலே அவருடைய தவற்றை எழுதவைத்துவிட்டு இறங்குகிறேன். அவர் உயிரோடு இருந்து, “சரியாத்தான் சொன்னே சாமி” என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் எனக்கு ஆறுதல். இனி யார் சொல்வார்?

சிறுபெண்ணின் சொல்லுக்குச் செவிகொடுத்த தலைவருக்கும், கணவரின் சொல்லைக் காத்த அம்மாவுக்கும், கோபம் வந்தும் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், அழுத தாய்மார்களுக்கும் என் நன்றி. வணக்கம்.

(கூட்டம் கலைந்தது. வேலுமணி அண்ணன் அந்தத் தாளைப் புதிதாக எழுதி முடிக்கும்வரை மேடையில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. எழுதியதை என் அப்பாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டினார். பிறகு அந்த விளக்கும் அணைக்கப்பட்டது.)