தோக்கிகோவுக்கு நான் போட்ட பாட்டுகள்

வசந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன வேலையாகத் தெரியும், ஐயா. மார்ச் பிறந்தால் செர்ரிப் பூவைப் பற்றி ஏதாவது போட்டால் போதும் என்பார்கள். அப்படி இல்லை. பேரன் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும்போது பூ உதிரும் பாட்டைப் போட்டால் தாத்தா எழுந்து போய்விடுவார். பூ உதிர்ந்தால் பையன் தேற மாட்டான் என்பது எங்களுக்குள் ஊறிப்போன பயம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த கையோடு வருகிற அம்மாவுக்கு ரயில் கிளம்பும் பாட்டு ஆகாது. யாருக்கு எது ஆகாது என்று தெரிந்தவளால்தான், வருகிறவர்களை இசைக்குப் பாட வைக்கிற கரோக்கே கடையை நடத்த முடியும்.

என் கடை பகல் கடை. மதியம் திறந்து விளக்கு வைக்கும் நேரத்தில் சாத்திவிடுவேன். வருகிறவர்கள் எல்லாம் நரைத்த தலைகள். பொடி எழுத்து அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, விரல் நடுங்கும். அதனால் பாட்டுத் தேடும் தொடுதிரைப் பலகை எப்போதும் என் கையில்தான் இருக்கும். ஒருவர் பெயரைச் சொல்லி நான் ஒரு பாட்டைப் போட்டுவிட்டால் அவர் எழுந்து பாடுவார். பாதியில் நிறுத்துவதும் வழக்கமில்லை. ஊற்றிக் கொடுத்த தேநீரை யாரும் தள்ளி வைப்பதில்லையே, அதைப் போலத்தான்.

தோக்கிகோவின் மகள் மதோகா பள்ளிப் படிப்பு முடிந்த அன்று, விழாவுக்கு உடுத்திய உடையோடு, வயதில் மூத்த ஒருவனுடன் ஒசாகாவுக்குப் போய்விட்டாள். "இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராத" என்று தோக்கிகோ சொன்னாளாம். பெண் தாண்டினாள். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விட்டாள். பிறகு தோக்கிகோ வீட்டை விற்றாள், தொலைபேசி எண்ணும் மாறிப்போனது. என் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்தவளுக்கு நான் போட்ட முதல் பாட்டே பள்ளி முடித்து விடைபெறும் பாட்டுதான். தெரியாமல் போட்டேன். அவள் கடைசி வரி வரை பாடிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். மறுநாளும் வந்தாள்.

அதன் பிறகு அவள் வாடிக்கைக்காரியாக இருக்கவில்லை. கோப்பை கழுவினாள், முள்ளங்கி நறுக்கினாள். கடை சாத்தியதும் இருவரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் கணவர் போன பிறகு நான் நின்றுகொண்டே சாப்பிடப் பழகியிருந்தேன். அவள் வந்துதான் என்னை உட்கார வைத்தாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் அவள் தேறத் தொடங்கினாள். நாவிதர் ஒகுமுரா அவளைக் கிண்டல் செய்தால் திருப்பிக் கொடுத்தாள். "உங்க குரலுக்கு முடி வெட்டி விடணும் அண்ணே, அங்கங்க நீட்டிக்கிட்டு நிக்குது" என்றாள். கடையே சிரித்தது. அன்று சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள்:

"பனி உருகட்டும் அக்கா. ஒசாகா போய்த் தேடப் போறேன். அவ என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன். முடிஞ்சா அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிடுவேன்."

"அவ்ளோ பெரிய ஊர்ல எங்க போய்த் தேடுவ?"

"தேடுனாத்தானே தெரியும்."

அவளைத் தடுக்க நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சண்டை போடுகிற சுபாவம் எனக்கு இல்லை. மறுநாள் பாட்டுகளை மாற்றினேன், அவ்வளவுதான்.

வசந்தப் பாட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் போனவர் பூக்கும் காலத்தில் திரும்பி வருவார். மற்றதில் மரம் மட்டும் பூக்கும். அதுவரை அவளுக்கு முதல் வகையைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு இரண்டாவது வகையை மட்டுமே போட்டேன். வாசலில் பனி இடுப்பளவு கிடந்தது. ஒகுமுராவே கேட்டார், "இன்னும் மொட்டே விடலையேம்மா, அதுக்குள்ள எதுக்குப் பூவ உதுக்குற?" நான் சிரித்துவிட்டு அவருக்கு ஒரு குடிகாரப் பாட்டைப் போட்டேன்.

தோக்கிகோ எல்லாவற்றையும் பாடினாள். நல்ல குரல் அவளுக்கு. கேட்பவர்களுக்குத்தான் வரிகள் திரையில் ஓடி மறையும். பாடுபவள் ஒவ்வொரு சொல்லையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். இனி நீ வரமாட்டாய் என்று தினமும் தன் வாயால் சொல்லும் ஒருத்தி எத்தனை நாள் நம்பாமல் இருப்பாள்? முதலில் ஒசாகா பேச்சு நின்றது. பிறகு கிண்டல் நின்றது. தட்டில் சோறு மிஞ்சத் தொடங்கியது. நான் மிசோ சூப்பைச் சூடாக்கி அவள் கையில் கொடுத்துக் குடிக்க வைத்தேன். அக்கறையாகத்தான் செய்தேன். கடையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தொலைபேசி விஷயம் உங்களுக்கு மதோகா மூலமாகவே தெரிந்திருக்கும். பிப்ரவரியில் கடைக்கு அழைத்தாள். அம்மா என் கடையில் பாடுகிறாள் என்று ஊர்க்காரர் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தோக்கிகோ அப்போது உள்ளே கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்டது.

"அம்மா அங்க வர்றாங்களாமே? எனக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்லுங்க. அவங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே கிளம்பி வர்றேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அவள் மறுபடி அழைத்தபோது, "உன் பேச்சையே எடுக்க வேண்டாம்னுட்டாங்கம்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்றேன். அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

கடைசி நாளைப் பற்றிக் கேட்டீர்கள். ஏப்ரலில் ஒரு மதியம். ஆற்றங்கரையில் பூத்துவிட்டது, பனி உருகி ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. தோக்கிகோ வழக்கமான மூலையில் உட்காராமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு தடவை, திரும்பி வர்ற பாட்டா போடுங்க. அவ எங்கயோ நல்லா இருக்கான்னு ஒரு தடவை பாடிப் பாக்குறேன்."

பலகை என் கையில் இருந்தது. அந்தப் பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாட்டைப் போடாமல், உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவள் கோப்பை கழுவக் கட்டும் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருப்பாள். நான் மற்ற பாட்டைப் போட்டேன்.

தொடக்க இசையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். கோபமில்லை. எனக்கு ஏதோ தெரியும், வாயால் சொல்ல மனம் வராமல் பாட்டால் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மகள் செத்துவிட்டாள் என்றே நினைத்திருப்பாள். "அத நிறுத்தித் தொலையேம்மா" என்றார் ஒகுமுரா. நான் நிறுத்தவில்லை. அவள் கடைசி வரி வரை பாடினாள், எல்லோருக்கும் தலை வணங்கினாள், தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் போனாள். போகிறாள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கே போகிறாள் என்றும் தெரிந்தது. ஒசாகா பக்கம் போகவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஆகவே ஆமாம், ஐயா, நான்தான் செய்தேன். கை வைக்கவில்லை, ஆனாலும் நான்தான். சட்டத்தில் இதற்குப் பெயர் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். எனக்கு எந்தத் தண்டனையும் அதிகமில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மதோகா வெளியே பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். குரல் அப்படியே அம்மாவுடையது. இங்கே முடிந்ததும் அவளைக் கடைக்கு வரச் சொல்லுங்கள். சூடாகச் சாப்பிட ஏதாவது செய்து தருகிறேன், அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், மனம் ஆறும்படி ஒரு பாட்டும் பார்த்துப் போடுகிறேன். பாவம், அம்மாவும் போன பிறகு இந்த ஊரில் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?