பாதியில் உட்கார்ந்த பூனை

— இதை நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே வேண்டாம்.

— என்னக்கா?

— பாட்டு பிளேயரை வெச்சுக்கோன்னேன். கடைக்கு யாராவது கேட்டு வந்தா கொடுத்துடு. ஒரு கீறல் இல்ல. நீ மாத்தின பேட்டரியும் நல்லாவே நிக்குது.

— உனக்குன்னு பாத்துப் பாத்துப் பண்ணினதுக்கா அது. அதைப் போய் யாருக்கோ எப்படிக் கொடுப்பேன்?

— தெரியும்டா. கம்பெனி போட்ட சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு வேற போட்ட. எழுத்தையெல்லாம் பெருசாக்கின. போதாக்குறைக்குச் சத்தம் எவ்வளவுன்னு காட்டுறதுக்கு ஸ்க்ரீன்ல ஒரு பூனை வேற. சத்தம் குறைச்சலா இருந்தா தூங்கும், பாதியில உக்காரும், முழுசா வெச்சா முடி சிலிர்த்து நிக்கும். லேப்ல ஒருத்தர் பாக்கியில்லாம காட்டிப் பீத்திக்கிட்டேன், என் தம்பி பண்ணினதுன்னு.

— அப்புறம் எதுக்குத் திருப்பிக் கொடுக்குற?

— காது டாக்டர் இனிமே காதுக்குள்ள எதையும் மாட்டாதீங்கன்னுட்டார். இருக்கிறதையாவது காப்பாத்திக்கணுமாம். முதல்ல இந்த ஃபோனைச் சார்ஜ்ல போடு. அணைஞ்சிடப் போகுது.

— கொடு. பின்னாடி தட்டுல வைக்கிறேன். மேஜை பூரா ஸ்க்ரூ சிதறிக் கிடக்கு.

— சத்தத்தைக் குறைச்சிடாத. அவர் சாப்பாட்டு வேளைல கூப்பிடுவார். குருவி கத்துற மாதிரி வெச்சிருக்கேன்.

— ம்.

— கேட்டியாடா? சும்மா தலையாட்டாத.

— கேட்டேன்க்கா. மாப்பிள்ளைதான் தினம் கூப்பிடுறாரே. இதுல என்ன புதுசு?

— இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிடப் போறேன்.

— என்ன வேண்டாம்?

— கல்யாணம்.

— அக்கா, விளையாடாத.

— விளையாட்டு இல்ல. வீட்ல சொன்னா அம்மா அழுவாங்க, எனக்கு வாய் வராது. உன் கடைன்னா பேசிடலாம்னுதான் வந்தேன். நீ பேசாம உன் வேலையைப் பாத்துட்டிரு. நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்து பேசிட்டுப் போயிடுறேன்.

— நல்ல மனுஷன்க்கா அவர். உன் காதைப் பத்தித் தெரிஞ்சப்புறமும் ஒரு வார்த்தை மாத்திப் பேசல. ஏன் இப்படிப் பண்ற?

— நல்ல மனுஷன்ங்கிறதாலதான். டாக்டர் இன்னும் ஒரு தடவை சோதிச்சுப் பாத்துட்டுச் சொன்னார். ஆரம்பம்தானாம், ஆனா நிக்காதாம். சின்னச் சின்னக் கீச்சு சத்தம் முதல்ல போகும், அப்புறம் பேச்சு. அப்பாவுக்குப் போன மாதிரியே. பரம்பரையா வர்றதுன்னார்.

— டாக்டரே அப்படிச் சொன்னாரா? நிச்சயமாவா?

— முதல்ல சத்தத்தால வந்ததோன்னுதான் கேட்டார். எவ்வளவு சத்தத்துல பாட்டு கேப்பீங்கன்னார். பாதிதான் வைப்பேன், அதுக்கு மேல போனதே இல்லன்னேன். அப்படின்னா சத்தம் காரணமா இருக்காது, உங்க அப்பா வழியில வந்ததுதான்னுட்டார்.

— ஏன் பாதின்னு சொன்ன?

— வேற என்ன சொல்றது? ரத்தத்தைச் சுத்துற மெஷின் லேப்ல நாள் முழுக்க கொய்யினு ஓடுது. அது கேக்காம இருக்கத்தான் பாட்டே. பாதி வெச்சாலே போதும், பூனை சாதுவா உக்காந்திருக்கும். முடி சிலிர்த்து நின்னு நான் பாத்ததே இல்ல.

— அக்கா, இன்னைக்குச் சொல்லாத. ரெண்டு நாள் பொறு.

— ரெண்டு நாள்ல காது முளைக்கப் போகுதா? யோசிச்சுட்டேன்டா. எனக்குக் கேக்காம போனா அவர் பாத்துப்பார், அதுல சந்தேகமே இல்ல. குழந்தை பொறந்து அதுக்கும் இப்படி ஆனா? அவருக்குக் குழந்தைங்கன்னா உயிர். பெத்துக்க மாட்டேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்வேன்?

— எல்லாருக்கும் வரும்னு யார் சொன்னா?

— நம்ம வீட்ல வளந்தவன்தானே நீயும். அம்மா தரையை மிதிச்சாதான் அப்பா திரும்பிப் பாப்பார். அம்மாவுக்குக் கத்திக் கத்தியே தொண்டை போச்சு. தெருவுல எல்லாரும் நமக்குத் தினம் சண்டைன்னு நினைச்சாங்க. நான் மேடையேறிப் பாடினப்ப அப்பா முன் வரிசையில உக்காந்து, பாட்டு முடியுறதுக்கு முன்னாடியே கைதட்டினார். எனக்கு மானம் போச்சு. வீட்டுக்கு வந்து அவர்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. என் குழந்தை என்னை அப்படிப் பாக்கணுமா?

— தம்பி. தம்பி, கடையில ஆள் இருக்கா இல்லையா?

— டேய், வாசல்ல பாரு. யாரோ வந்திருக்காங்க.

— வாங்க சார். கவனிக்கல.

— எத்தனை தரம்ப்பா கூப்பிடுறது. கதவையும் தட்டினேன்.

— வேலைல மூழ்கிட்டேன் சார். சொல்லுங்க.

— போன வாரம் என் ஃபோனுக்கு ஸ்பீக்கர் மாத்திக் கொடுத்தியே, என்னத்தைப் போட்ட? மணி அடிச்சா தெருவே திரும்பிப் பாக்குது. ஆஸ்பத்திரியில வெச்சு அடிச்சுது, படுத்திருந்த நோயாளி எழுந்து உக்காந்துட்டான்.

— கேக்கலன்னுதான் சார் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. அதிகமா கேக்குதுன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்.

— ரொம்பப் பெருமைதான். குறைச்சு வெச்சுக் கொடு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன். அம்மா, நீங்களாவது சொல்லுங்க இவன்கிட்ட.

— சொல்றேன் சார். நீங்க போயிட்டு வாங்க.

— வரேன்மா.

— பாவம், நல்ல மனுஷன். அவர் ஃபோனை அப்படியா பண்ணி வைப்ப? ஏன்டா, அதே ஸ்க்ரூவை எத்தனை தடவை திருகுற? ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வை.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் என்ன வேணா திட்டு. அடிக்கக்கூடச் செய்.

— எதையாவது உடைச்சிட்டியா?

— அந்தப் பூனை பொய்க்கா.

— என்னடா உளர்ற?

— பிளேயர்ல கம்பெனி ஒரு எல்லை வெச்சிருந்தது. அதுக்கு மேல சத்தம் போகாது. அடிக்கடி காதுக்குக் கெடுதல்னு ஒரு எச்சரிக்கை வேற வந்து பாட்டை நிறுத்தும். ஞாபகம் இருக்கா?

— இருக்காம என்ன. அது தொல்லையா இருக்குன்னு உன்கிட்ட நான்தானே சொன்னேன்.

— நான் போட்ட சாஃப்ட்வேர்ல அந்த எல்லையே கிடையாது. எவ்வளவு வேணா ஏத்தலாம். பூனை எங்க தூங்கணும், எங்க உக்காரணும்னு நான்தான் அளவு வெச்சேன். அதைத் தப்பா வெச்சுட்டேன். உன் பூனை பாதியில உக்காந்திருக்கே, அது பாதி இல்லக்கா. கம்பெனி முழுசுன்னு நிறுத்தின இடத்துக்கும் ரொம்ப மேல.

— மேலன்னா?

— காதுகிட்ட ஹாரன் அடிக்கிற மாதிரி. நாள் பூரா நீ அதைத்தான் கேட்டிருக்க. பாதின்னு நம்பி.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அதே மாடல் இன்னொண்ணு ரிப்பேருக்கு வந்தது. ரெண்டையும் பக்கத்துல வெச்சு, உள்ள ஓடுற சத்த அளவு நம்பரைப் பாத்தேன். நம்பர் பொய் சொல்லாதுல்ல.

— எப்ப பாத்த?

— அக்கா.

— எப்ப பாத்தன்னு கேக்குறேன்.

— நீ முதல் தடவை டாக்டர்கிட்ட போயிட்டு வந்தியே, அதுக்கு மறுநாள்.

— அடப்பாவி. அன்னைக்கு உன் தோள்ல சாஞ்சு அழுதேனேடா. நீயும் கூட அழுத.

— அதனாலதான் அழுதேன்.

— அதுக்கப்புறம் குடை வாங்கிக் கொடுத்த, செருப்பு வாங்கிக் கொடுத்த, தினம் லேப் வாசல்ல வண்டியோட வந்து நின்ன. தம்பிக்குத் திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருதேன்னு அம்மாகிட்டச் சொல்லிச் சிரிச்சேன்.

— ஒவ்வொரு நாளும் சொல்லிடணும்னுதான்க்கா வருவேன். வண்டியில ஏறினதும் நீ எதையாவது சொல்லிச் சிரிப்ப. அப்படியே முழுங்கிடுவேன். சோறு இறங்கல. பரம்பரைன்னு நீயே நினைச்சுக்கிட்டப்ப, தப்பிச்சோம்டான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே என்னைச் செருப்பால அடிக்கலாம். நீ கல்யாணத்தையே விடுவன்னு நான் நினைக்கல.

— நீ வாங்கிக் கொடுத்த செருப்பாலதான் அடிக்கணும்.

— அடி.

— சும்மா இரு. கொஞ்சம் யோசிக்க விடு. அப்ப இது சத்தத்தால வந்ததா?

— ஆமாம்.

— அப்பாவோடது இல்ல?

— இல்லக்கா. என்னால வந்தது. டாக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன். மாப்பிள்ளைகிட்டயும் சொல்றேன்.

— குழந்தைக்கு வராது?

— பாட்டு கேட்டுக் கெட்ட காது குழந்தைக்கு எப்படிக்கா போகும்? டாக்டர்கிட்ட நீ உண்மையான அளவைச் சொல்லியிருந்தா அவர் அப்படிச் சொல்லியே இருக்க மாட்டார்.

— டேய்.

— திட்டுக்கா. வாங்கிக்கிறேன்.

— திட்டணும்தான். உன்னை என்ன பண்ணினாலும் தகும். ஆனா கோபமே வர மாட்டேங்குதுடா. உடம்பெல்லாம் லேசா இருக்கு. நேத்து ராத்திரி பூரா அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு ஒத்திகை பாத்தேன். முதல் வார்த்தையிலேயே அழுகை வந்துடுச்சு.

— இப்ப சரின்னு சொல்லு. காதைக் கெடுத்தவன் என் தம்பிதான்னும் சேத்துச் சொல்லு.

— சொல்லத்தான் போறேன். விருந்துக்கு வர்றப்ப அவர் உன் காதைத் திருகுவார், வாங்கிக்கோ. தண்ணி இருந்தா கொடு. அழுதழுது தொண்டை காஞ்சுபோச்சு.

— இந்தா. மெதுவாக் குடி.

— இன்னொரு விஷயம் புரியலடா.

— கேளு.

— அளவு வைக்கிறப்ப எப்படி வெச்ச? குருட்டாம்போக்குலயா?

— குருட்டாம்போக்குல வைப்பேனா? உனக்கு ஆச்சே. ரெண்டு நாள் என் காதுலயே மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பஸ்ல, கடையில, வீட்ல படுத்துட்டு. எங்க வெச்சா இதமா இருக்கோ, அங்க பூனையை உக்கார வெச்சேன்.

— இதமாவா இருந்தது?

— ஆமாம். அதுல எந்தக் குறையும் சொல்ல முடியாது. உன் பூனை அளவுல வெச்சாத்தான் பாட்டுல அந்தச் சின்ன மணி, தாளமெல்லாம் லேசா வருது. கம்பெனி முழுசுல அதெல்லாம் வராது. சுத்த மோசம்.

— எனக்குக் கம்பெனி வெச்ச அளவுலயே மணியெல்லாம் வந்ததேடா.

— ஆ?

— வந்ததுன்னேன். புதுசா வாங்கினப்பவே. சத்தம் போதலன்னு நான் உன்கிட்ட எப்பவும் சொல்லல. அந்த எச்சரிக்கை தொல்லைன்னுதான் சொன்னேன். நீ பூனையைப் போட்டுக் கொடுத்தப்ப முதல்ல காது அதிர்ந்தது. பாதிதானே, புதுசுக்கு இப்படித்தான் இருக்கும்போலன்னு பழகிக்கிட்டேன்.

— அப்படியா? நீ சொல்லவே இல்லையே. ஏன்க்கா அப்படிப் பாக்குற?

— ஃபோன் கொடுக்க வந்தவர் வாசல்ல கதவைத் தட்டினாரே.

— வேலைல இருந்தேன்க்கா.

— வேலைல இல்லடா. என் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருந்த. நான் பேசுறப்பல்லாம் என் மூஞ்சியைத்தான் பாக்குற. என் வாயை.

— நீ அழுதுட்டு இருந்த, வேற எங்க பாக்குறது? இப்ப எதுக்கு அதெல்லாம்? மாப்பிள்ளை இன்னும் கூப்பிடலையேன்னு கவலையா? வேலை இருந்திருக்கும். கூப்பிடுவார்.

— கொஞ்சம் திரும்பு.

— எதுக்கு?

— உன் பின்னாடி, தட்டுல.

— என்ன இருக்கு?

— குருவி அப்பலேர்ந்து கத்திட்டே இருக்குடா. எனக்கே கேக்குது.