நான்கு எண்கள் மட்டும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மேடம், எனக்கு போனில் பேசுவதே பிடிக்காது. ஆளைப் பார்த்துப் பேசினால் முகம் தெரியும், கை தெரியும். போனில் வெறும் குரல்தான். குரலை எப்படி வேண்டுமானாலும் குழைத்துக்கொள்ளலாம்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். துணி தைக்கிற கம்பெனியில், பெண்கள் வெளியே போகிற வாசலில் பை சோதிக்கிறவள். இருபத்தாறு வருஷமாக இதே மேஜை. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு பை, நானூறு சாப்பாட்டு டப்பா. நூல்கண்டு, ஜிப், பட்டன் பாக்கெட் எல்லாம் எடுத்திருக்கிறேன். ஒருத்தி எட்டு மீட்டர் லேஸை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் அனுபவத்தில் அது பாதிதான் சரி. கைதேர்ந்த திருடிக்குப் பயமே இருக்காது. உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னை விசாரித்துக்கொண்டே போவாள். அதனால் யாராவது காரணமில்லாமல் அன்பாகப் பேசினால், அவர்கள் பையை நான் இரண்டு தடவை பார்ப்பது வழக்கம்.

வீட்டில் நானும் என் தங்கையும்தான். அம்மா போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்குப் பத்து. அப்பா அதற்கும் முன்பே இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளாதே என்று யாரும் சொல்லவில்லை, நானும் யார் மேலும் பழி போடவில்லை. அவளைப் படிக்க வைத்தேன், அவளும் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்தில் மூன்று நாள் வேன் வந்து டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். காலையில் வேலைக்குப் புறப்படும் முன் நான் அதை பாட்டிலில் அளந்து வைத்துவிட்டுப் போவேன்.

என்னுடையதில் ஒன்றைக் கொடுத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். பொருந்தாது என்று முதல் மாதமே சொல்லிவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை, வேண்டுமானால் வேன் டிரைவரைக் கேட்டுப் பாருங்கள்.

அதனால் பட்டியலில் அவள் பெயரை எழுதினோம். இறந்துபோனவர்களின் சிறுநீரகம் கிடைக்கும்போது வரிசைப்படி கூப்பிடுவார்கள். எந்த நாளும் கூப்பிடலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். ஒரு மணி நேரத்துக்குள் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டு போன் எண்ணையும் என் செல் எண்ணையும் கொடுத்திருந்தோம். அவளிடம் செல் இல்லை. இருந்ததை நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒருவன் பேசிப் பேசியே அவள் தலையில் ஒரு மசாஜ் நாற்காலியைக் கட்டிவிட்டிருந்தான்.

ஆக, வீட்டு லைன் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஆனால் அந்த லைனில் வராத ஆள் இல்லை. கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா, இன்ஷூரன்ஸ் எடுக்கிறீர்களா, மனை வாங்குகிறீர்களா, முடி கொட்டுகிறதா. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து. அவளுக்கோ வேண்டாம் என்ற வார்த்தை வாயில் வராது. பகல் முழுக்கத் தனியாக இருக்கிறவள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும், அவள் கல்லும் இல்லை. இந்த மாதிரி அழைப்புகள் வேண்டாம் என்று எண்ணைப் பதிவு செய்தேன். ஒரு வாரம் நின்றது, எட்டாம் நாள் வேறு வேறு எண்களிலிருந்து வந்தார்கள். யார், எந்த நேரம் என்று நோட்டில் எழுதிப் புகார் கொடுத்தேன். ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார், தொண்டை வற்றி அவனே ஓய்ந்துபோவான் என்று கம்பெனியில் ஒருத்தி யோசனை சொன்னாள். அதில் லைன் இன்னும் அதிக நேரம் அடைந்து கிடந்தது. பேரைச் சொல்லாதே, ஆமாம் என்றுகூடச் சொல்லாதே என்று தங்கைக்குப் பாடம் எடுத்தேன். அவள் சிரித்தாள். அவர்களும் வயிற்றுப் பிழைப்புக்குத்தானே கூப்பிடுகிறார்கள் என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னால் ரிசீவரைத் தொட்டுப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் முன்புவரை காதில் இருந்தது என்றால் சூடு இருக்கும். ஒரு மாதமாக தினமும் சூடு இருந்தது. ஜன்னல் பக்கம் இருக்க வேண்டிய நாற்காலி போன் பக்கம் வந்திருந்தது. தலை வாரியிருந்தாள். போனில் பேசுகிறவள் எதற்குத் தலை வாரிக்கொள்கிறாள் என்று நான் கேட்கவில்லை, பார்த்து வைத்துக்கொண்டேன். கேட்டால் மறைத்துவிடுவார்கள்.

தினமும் அவளைக் கூப்பிட்டவன் வாட்டர் ஃபில்டர் விற்கிறவன். முதல் நாள், உங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் சுத்தமானதுதானா என்று ஆரம்பித்திருக்கிறான். இவள், "எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தாங்க தண்ணி. உங்க மெஷின் இங்க வந்தா வேலை இல்லாம தூங்கிடும்" என்றிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டு, ஏன் அப்படி என்று கேட்டிருக்கிறான். அன்றைக்கு அவன் எதையும் விற்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டான், அன்றும் விற்கவில்லை. இதையெல்லாம் வேடிக்கை மாதிரி அவளே ஒரு நாள் என்னிடம் சொன்னாள், அவன் பேரையும் கம்பெனியையும்கூட. எதையும் விற்காமல் ஒருவன் தினமும் கூப்பிடுகிறான் என்றால் அவன் எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு விடுமுறை நாளில் அவனுடைய ஆபீஸைத் தேடிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி. வரிசையாக மேஜைகள், நடுநடுவே அட்டைத் தடுப்புகள், எல்லோர் காதிலும் மைக். வெளியே வந்த ஒரு பையன் ஆளைக் காட்டினான், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். பக்கத்து மேஜைப் பெண் அழுதுகொண்டிருந்தாள், அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திட்டியிருப்பார்கள். அவன் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கீழே டீக்கடையில் விசாரித்தேன், வாட்ச்மேனிடம் விசாரித்தேன். மனைவி தவறி ஆறு வருஷம், பிள்ளை இல்லை, குடி இல்லை, யார் வம்புக்கும் போகிறவன் இல்லை. ஒன்றரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டும் ஒரு குறை கிடைக்கவில்லை. திருடன் என்றால் பிடித்துக் கொடுத்துவிடலாம், இவனை என்ன செய்வது என்று யோசித்தபடி பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், போனுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டுவது. அதில் நாம் ஏற்றி வைக்கிற எண்களிலிருந்து வந்தால் மட்டும்தான் வீட்டில் மணி அடிக்கும். மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும், இந்தப் பக்கம் சத்தமே கேட்காது. நான்கு எண்களை ஏற்றினேன். என் செல், ஆஸ்பத்திரி, வேன் டிரைவர், மருந்துக் கடை. ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டால் லைன் கிடைக்க வேண்டுமே, அதற்குத்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். அப்போது நானும் அதைத்தான் நம்பினேன்.

மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். நான்காம் நாள் அவளே அவனைக் கூப்பிட்டுவிட்டாள். வெளியே போகிற அழைப்பைத் தடுக்க அந்தப் பெட்டியில் வழி இல்லை. அன்று சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குத் தெரியாதது அதில் ஒன்றே ஒன்றுதான்.

"ஆபரேஷன் முடிஞ்சு நான் நடமாட ஆரம்பிச்சதும் அவரோட போயிடலாம்னு இருக்கேன்க்கா. அப்புறம் உனக்கு பாரம் இல்ல. நீயும் எவ்வளவு வருஷம்தான் எனக்காகவே இருப்பே."

அன்பாகத்தான் சொன்னாள். கண்கூடக் கலங்கியிருந்தது. சரிம்மா என்றேன். தட்டுகளைக் கழுவி வைத்தேன். பாரம் என்று நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை தண்ணீரை அளந்து வைத்தேன், பிறகு பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரி எண்ணை எடுத்துவிட்டேன். கை தவறிப் போய்விட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அப்படிச் சொல்கிறவளின் பையை நானும் மேஜையில் கொட்டித்தான் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் போனுக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். பிறகு என் செல்லுக்கு வந்தது. டிராயரிலிருந்து எடுத்துப் பேசினேன். என் இடது கை ஒரு பெண்ணின் பைக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரியிலும் பேச்சைப் பதிவு செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போட்டுக் காட்டினீர்கள், அது என் குரல்தான். கூப்பிட்ட ஆஸ்பத்திரிப் பெண் மரியாதையாகப் பேசினாள். தங்கைக்குப் பொருத்தமான சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, உடனே புறப்பட முடியுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா, எங்களுக்கு வேண்டாம். லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுங்க. இனிமே கூப்பிடாதீங்க."

நோயாளியைக் கேட்டுத்தான் சொல்கிறீர்களா என்றாள். ஆமாம் என்றேன். அப்படியானால் நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றாள். அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற பெண் சிரித்தாள்.

"விடவே மாட்டானுங்கக்கா. எனக்கும் காலையிலேர்ந்து மூணு போன்."

நானும் சிரித்தேன். அவள் பையில் ஒன்றும் இல்லை, போகச் சொன்னேன். வரிசையில் இன்னும் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், எல்லாப் பையையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கடிதத்தை மறுநாள் தபாலில் சேர்த்தேன். அவள் கையெழுத்தை நான் போடுவது புதிது இல்லை, மருந்துக் கடையிலும் பாங்க்கிலும் அவளுக்காக நான் போடுவதுதான். அந்தச் சிறுநீரகம் வீணாகவும் இல்லை. வரிசையில் அடுத்து இருந்த ஒரு லாரி டிரைவருக்குப் போனது, அவர் நன்றாக இருக்கிறார் என்று நீங்களே சொன்னீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் நான் வந்ததும் கேட்பாள், உன் செல்லுக்காவது ஏதாவது வந்ததா என்று. வரவில்லை என்பேன். கைகால் வீக்கம் கூடிக்கொண்டே போனது. வேனில் ஏறும்போது டிரைவர் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. நான் காலையும் மாலையும் எண்ணெய் போட்டுக் கால் பிடித்துவிட்டேன். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அந்த வீட்டில் சந்தேகப்படுகிறவள் நான் ஒருத்திதான்.

இரண்டு மாதம் கழித்து, பதினேழாம் தேதி, டயாலிசிஸுக்குப் போன இடத்தில், தனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று கவுண்டரில் கேட்டிருக்கிறாள். அவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, நீங்கள்தானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்கள் என்றார்களாம். கடிதத்தையும் காட்டியிருக்கிறார்கள். அங்கேயே மறுபடியும் பெயரை எழுதினாள், வரிசையில் கடைசியாக. அங்கிருந்தே அவனுக்கும் போன் செய்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போக அவன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தான், ஒன்றாம் தேதிதான் காலியாகும் என்றார்கள். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவன்தான். நல்ல மனிதன் என்று அவன் ஆபீஸுக்குப் போன அன்றைக்கே நான் தெரிந்துகொண்டேன், அதில் மாற்றம் இல்லை.

அந்தப் பதினேழாம் தேதி சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் விளக்கைப் போட்டேன். ஏன்க்கா என்று ஒரே வார்த்தை கேட்டாள்.

"நீ போயிடுவேன்னு சொன்னியேம்மா" என்றேன்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலை இதயம் நின்றுவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. எண்ணை எடுத்ததும் நான், வேண்டாம் என்று சொன்னதும் நான், கையெழுத்துப் போட்டதும் நான். வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் நீங்கள் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். அவள் என்னை வெறுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவன் சொன்னது, அவனுக்கு அவளை எத்தனை மாதமாகத் தெரியும்? அந்தப் பதினொரு நாளும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள், அவ்வளவுதான். நான் வைத்த சாப்பாட்டை, நான் அறையை விட்டுப் போன பிறகு சாப்பிட்டாள். சின்ன வயதிலும் கோபம் வந்தால் அப்படித்தான் இருப்பாள். பிறகு அவளாகவே வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள். இந்த முறை கோபம் கொஞ்சம் பெரியது, ஆறுவதற்கு நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அவசரப்படவில்லை. அவளுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால், என்னை மன்னித்திருப்பாள்.