தேருக்கு வாங்கிய பெட்ரோல்

ஈப்போவில் செமோர் செல்லும் பேருந்துக்கு நாங்கள் நின்ற வரிசையில், மஞ்சள் வேட்டி உடுத்திய ஒருவர் வெறுங்காலுடன் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த டின்னில் மஞ்சள் கயிறும் வேப்பிலையும் கட்டப்பட்டிருந்தன.

“பால்கொடமா, அண்ணே?” என்று பின்னால் நின்ற பெண்மணி கேட்டார்.

“பெட்ரோலு, அக்கா. சாமிக்கு.”

“சாமி மோட்டார் ஓட்டுதா?”

“தேர் வெளக்குக்கு ஜெனரேட்டர் இருக்குல்ல. போன வருசம் எஸ்டேட் கடையில வாங்குனதுல தண்ணி கலந்திருந்துச்சு. பாதி வழியில இஞ்சின் நின்னுபோயி, ஆத்தா இருட்டுல நின்னா. அதான் இங்க வந்து, கண்ணாடிப் போத்தல்ல ஊத்திப் பாத்து வாங்கிட்டுப் போறேன்.”

நடத்துநர் டின்னை முகர்ந்தார். “பஸ்ல ஏத்த முடியாது லா, அண்ணே.”

“ஏழு மணிக்குத் தேர் கெளம்புது, தம்பி.”

“பத்திக்கிச்சுன்னா எங்களுக்கெல்லாம் பாடைதான் கட்டணும்.”

அவர் டின்னைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

சற்று நேரத்தில் எங்கள் பேருந்து அவரைக் கடந்தது. பால்குடம் என்றெண்ணிய ஒரு வீட்டார், சாலையோரம் அவரை நிறுத்தி, பாதங்களில் மஞ்சள்நீர் வார்க்கக் குடத்தைச் சாய்த்தனர். அவர் அவர்களைத் திருத்தவில்லை. ஒரு துளியும் உள்ளே புகாதபடி இரு கைகளாலும் மூடியை இறுகப் பொத்திக்கொண்டு, பாதங்களைக் காட்டி நின்றார்.